சுளகும் அட்டையும்: நெல்லைச் சீமையின் பீடி சுற்றும் வீடுகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தாமிரபரணிக் கரையில் முக்கூடல், அங்கிருந்து மேற்கே பாப்பாக்குடி, கடனா நதிப் பாசனத்தில் ஆழ்வார்குறிச்சி, கடையம், பொட்டல்புதூர் என்று நீளும் ஊர்களில் பீடி சுற்றாத தெருவைக் காண்பது அரிது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது இந்த ஊர்கள் இரண்டு ஆட்சியர்களின் கீழ்ப் பிரிந்தன என்றாலும், பீடி இலையும் புகையிலைத் தூளும் வந்து சேரும் வழியும் கட்டும் கணக்கும் திரும்பிப் போகும் வழியும் இன்றளவும் ஒன்றாகவே இருக்கின்றன. இவ்வூர்ப் பெண்களின் வேலையைப் பற்றிக் கல்வித்துறை, மருத்துவம், சூழலியல், சமூகக் கொள்கை ஆகிய நான்கு துறைகளிலும் ஆய்வுகள் வந்துள்ளன. மருத்துவர்கள் நிக்கோட்டினை அளக்கிறார்கள்; கல்வியியலார் பள்ளி இடைநிற்றலை எண்ணுகிறார்கள்; சூழலியலார் இலை பறிக்கும் காட்டைப் பார்க்கிறார்கள்; கொள்கை ஆய்வாளர்கள் சட்டத்தையும் நல நிதியையும் படிக்கிறார்கள். இந்த நான்கும் ஒரே வீட்டின் நடையில், ஒரே சுளகின் (முறத்தின்) மேல் சந்திப்பதை எந்தத் துறையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஆய்வு அந்தச் சந்திப்பைப் பற்றியது. தொழிலாளியின் உரிமைகள் யாவும் ஓர் அடையாள அட்டையோடு கட்டப்பட்டிருக்க, தொழிலின் பாதிப்பு மட்டும் வீடு முழுவதற்குமாகப் பரவியிருக்கிறது என்பதே இங்கே நான் காட்ட முற்படுவது.

வேலையின் நடைமுறையை முதலில் பார்த்துவிட வேண்டும். ஏனெனில் பல ஆய்வுக் கட்டுரைகள் அதை 'வீடுசார் உற்பத்தி' என்று ஒற்றைத் தொடரில் கடந்துவிடுகின்றன. இலையும் தூளும் கொடுத்துச் சுற்றிய பீடியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பீடிக்கடையில் எடைபோட்டு வாங்கி வந்த இலையை இரவே நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைக்கிறார்கள். காலையில் பதம் வந்த இலையின் மேல் தகர அளவை வைத்துக் கத்தரியால் வெட்டி, தடித்த நரம்பை நீக்கிவிட்டு, மடியிலுள்ள சுளகில் கிடக்கும் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து நீளவாக்கில் பரப்பி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டி நூல் கட்டுகிறார்கள். பிறகு வாயை மடக்க வேண்டும். வெட்டுவது, சுற்றுவது, மடக்குவது, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுவது என நான்கு வேலைகள் இதில் இருக்கின்றன. இவற்றில் கைத்தேர்ச்சி மிகுதியாக வேண்டுவது சுற்றுவதற்கே. வெட்டுவதையும் மடக்குவதையும் கட்டுவதையும் வீட்டில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் செய்யலாம், செய்கிறார்கள். "ஏளா, ரெண்டு கட்டு மடக்கிக் குடுத்துட்டுப் படி" என்று சொல்லும் தாய் தன் மகளைத் தொழிலாளியாக்கிவிட்டதாக நினைப்பதில்லை. மாலையில் கடை மூடுவதற்குள் கணக்கை முடித்தாக வேண்டும் என்பதுதான் அவள் கவலை.

பீடிக்கடையின் மேசையில் நடப்பது வேறு வகையான ஆய்வுக்குரியது. கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பவர் விரல் நுனியில் ஒன்றிரண்டை உருட்டி, தளர்ந்தது என்றும் இலை கிழிந்தது என்றும் ஒதுக்குகிறார். ஒதுக்கப்பட்ட பீடிக்குரிய இலையும் தூளும் சுற்றியவர் கணக்கில் ஏறுகின்றன. கொடுக்கும் இலையே பழுதாக இருந்து, ஆயிரம் பீடிக்குப் போதாமல் போனால், மீதியைச் சொந்தக் காசில் வாங்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று அறிவிக்கப்படும் கூலி, வீட்டை வந்தடையும் கூலியாக இருப்பதில்லை என்பதற்கு இந்த மேசையே காரணம். ஆயினும் கூலி பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை அறிவிக்கப்பட்ட தொகையைக் கேட்டு எழுதிக்கொள்வதோடு நின்றுவிடுகின்றன.

சட்டம் இந்த வீட்டை அடையாளம் காணவே நெடுங்காலம் ஆயிற்று. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது. முதலாளிகள் அதை எதிர்த்து வழக்காட, 1974-இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. வருங்கால வைப்பு நிதி வீட்டுத் தொழிலாளிக்கும் உண்டு என்பது 1985-இல் பி.எம்.படேல் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகே உறுதியாயிற்று. இதற்கிடையில் 1976-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று பீடியின் மீது தீர்வை விதித்தது. மற்றது அந்தத் தீர்வையைக் கொண்டு நல நிதியை அமைத்தது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனை, பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை, 2016-இன் திருத்தப்பட்ட திட்டத்தின்படி வீடு கட்ட மூன்று தவணைகளில் 1,50,000 ரூபாய் எனப் பலவும் இந்த நிதியின் பெயரால் வந்தவை.

இந்த ஏற்பாட்டைக் குறைத்துப் பேச நான் தயாராக இல்லை. முறைசாராத் தொழில்களில் இத்தனை உரிமைகளைச் சட்டத்தில் பெற்ற பெண்கள் இந்தியாவில் வெகு சிலரே. நெல்லைப் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் 'பீடி சுற்றத் தெரியுமா' என்று கேட்ட காலம் ஒன்று இருந்ததும், வருங்கால வைப்பு நிதிக் (பி.எஃப்.) கணக்குள்ள பெண் என்றால் மதிப்புக் கூடியதும் இதன் விளைவுதான். கழுத்துக்கும் காதுக்கும் தங்கம் சேர்த்ததும், தம்பியைப் படிக்க வைத்ததும், கைத்தறி நொடித்த மேலப்பாளையத்தில் பல வீடுகளின் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டதும் இந்தக் கைகளே. இதைச் சொல்லாமல் நேரே நுரையீரலுக்குப் போகும் ஆய்வுகள், அந்தப் பெண்கள் ஏன் இந்த வேலையை விடுவதில்லை என்ற கேள்விக்கு 'விழிப்புணர்வின்மை' என்று விடை எழுதி முடித்துக்கொள்கின்றன.

ஆனால் உரிமைகள் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரே காவல் நிற்கிறது. அடையாள அட்டை வேண்டும். அட்டை பெற, இவர் எங்களிடம் வேலை செய்கிறார் என்று முதலாளியோ ஒப்பந்தக்காரரோ சான்று தர வேண்டும். சான்று வேண்டுமானால் கடையின் பதிவில் பெயர் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் மூவர் சுற்றினாலும் பதிவில் ஒரு பெயரே இருப்பது இங்கே வழக்கம். மாமியாரின் பெயரில் கணக்கு, மருமகளின் உழைப்பு, மகளின் மடக்கல் என்று போகும் வீட்டில், மாமியாருக்கு ஓய்வூதியம் உண்டு. அதுவும் 2014 முதல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்த அளவான மாதம் 1,000 ரூபாயை ஒட்டியதாகவே பெரும்பாலும் அமையும். மருமகளின் உழைப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் சுவடில்லை.

மருத்துவ ஆய்வுகளில் உறுதியானது எது, ஊகமானது எது என்று பிரித்துப் பார்ப்பது இந்த இடத்தில் அவசியம். உறுதியானது நிக்கோட்டின் உட்செல்கிறது என்பது. புகைப்பழக்கமே இல்லாத பீடித் தொழிலாளர்களின் சிறுநீரில், நிக்கோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினின் கூடுதலாக இருப்பதை மும்பை ஆய்வாளர்கள் 1990-களிலேயே காட்டியிருக்கிறார்கள். புகையிலைத் தூளில் புழங்குவோரின் குருதியணுக்களில் நிறப்புரி (குரோமோசோம்) மாற்றங்கள் கூடியிருப்பதும் அதே காலத்து ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிக்கோட்டின் நுழைகிறது. அடுத்து, கழுத்து, தோள், இடுப்பு வலி; பல மாநிலங்களில் செய்த ஆய்வுகளும் இதில் ஒத்துப்போகின்றன, நாள் முழுதும் கால் மடக்கிக் குனிந்திருப்பவருக்கு வலி வருவதை நிறுவ ஆய்வே தேவையில்லை என்றும் ஒருவர் சொல்லலாம். இருமல், மூச்சிரைப்பு, இரத்தசோகை, மாதவிடாய்க் கோளாறு, எடை குறைந்த பிள்ளை பிறப்பது ஆகியவை பற்றிய முடிவுகள் இந்த அளவு உறுதியானவை அல்ல. விறகடுப்புப் புகை, போதாத உணவு, தொடர் பேறு என வேறு காரணங்களும் அதே வீட்டில் இருக்கையில், ஒருமுறை மட்டும் போய்க் கேள்வித்தாள் நிரப்பிவரும் குறுக்குவெட்டு ஆய்வால் காரணத்தைப் பிரித்துச் சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய குறை, யாரை அளக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஆய்வு மாணவருக்குப் பெயர்ப்பட்டியல் தேவை. பட்டியல் பீடிக்கடையிலோ தொழிற்சங்கத்திலோ நல மருந்தகத்திலோ கிடைக்கிறது. மூன்றும் அட்டை உள்ளவர்களின் பட்டியல்கள். உடம்பு முடியாமல் வேலையை விட்டவர் அவற்றில் இல்லை. பெயரில்லாமல் சுற்றுபவர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பெண் பிள்ளை இல்லை. சுளகுக்கு மூன்றடி தள்ளித் தொட்டிலில் தூங்கும் குழந்தை இல்லவே இல்லை. உரிமையை வரையறுக்கும் அதே அட்டை அறிவையும் வரையறுத்துவிடுகிறது. நிக்கோட்டினுக்கு அட்டை தெரியாது. ஒற்றை அறை வீட்டில் தூள் சலித்த இடத்திலேதான் பாய் விரிக்கிறார்கள், ஈர இலை கிடந்த சாக்குக்குப் பக்கத்திலேதான் சோறு வடிக்கிறார்கள்.

கல்வியைப் பொறுத்தவரை நிலைமை பழைய ஆய்வுகள் வரைந்த சித்திரத்திலிருந்து வெகுவாக மாறியிருக்கிறது. பீடி சுற்றுவது குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டத்தின் தடைப்பட்டியலில் 1986-லேயே இடம்பெற்றது. எட்டாவதோடு நிறுத்திச் சுளகைக் கையில் கொடுக்கும் வழக்கம் ஒரு தலைமுறைக்கு முன் இருந்த அளவுக்கு இன்று இல்லை. ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரிக்கும் ஆழ்வார்குறிச்சி ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரிக்கும் காலையில் பேருந்து ஏறும் பெண்களில் பீடி வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். இங்கே இரண்டு உதவித் திட்டங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய உதவித்தொகை, ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்கித் தொழிற்படிப்புகளுக்கு 25,000 ரூபாய் வரை செல்கிறது. விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில். தாயின் அட்டை, அட்டையில் உள்ள பெயர், ஆதாரில் உள்ள பெயர், வங்கிக் கணக்கில் உள்ள பெயர் ஆகியவை ஒத்திருக்க வேண்டும். 'மு. இசக்கியம்மாள்' என்று ஓரிடத்தில், 'இசக்கி' என்று இன்னோரிடத்தில் இருந்தால் அந்த ஆண்டு போயிற்று. தாய் வேலையை விட்டு அட்டை செல்லாமல் போனாலும் போயிற்று. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமோ, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அதற்கு வேண்டியது அந்தப் பெண்ணின் சொந்தப் பள்ளிப் பதிவு. தாய் யாரிடம் வேலை செய்கிறாள் என்று அது கேட்பதில்லை. 2023-இல் வந்த கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் இந்த வகையில் சேர்ந்ததே. வருமானத்தையும் நிலத்தையும் அது பார்க்கிறது, முதலாளியின் சான்றைப் பார்ப்பதில்லை. சுளகின் முன் பெயரில்லாமல் உட்கார்ந்திருந்த மருமகளுக்கு அரசிடமிருந்து தன் பெயரில் முதன்முதலாக வந்த மாதத் தொகை பல வீடுகளில் இதுவாகவே இருக்கும். தொழில்வழி நலத்திட்டங்களை ஆய்வு செய்வோர் இந்த இரண்டையும் 'பொதுத் திட்டங்கள்' என்று தனியே வைத்துவிடுகிறார்கள். ஒப்பிட்டிருந்தால் அட்டையின் விலை என்ன என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

சூழலியல் பக்கம் நெல்லையிலிருந்து பார்த்தால் தெரியாது. இலை இங்கே விளைவதில்லை. கருங்காலிக் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மரம் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் இலையுதிர் காடுகளில் இருக்கிறது. கோடைத் தொடக்கத்தில் இளந்தளிர் வேண்டிச் செடிகளை வெட்டிவிடுவதும் தரைக்குத் தீ வைப்பதும் அங்கே பழக்கம். காட்டுத்தீ பற்றிய ஆய்வுகளில் இது தொடர்ந்து பேசப்படுகிறது. பறிப்பவர்களில் பெரும்பகுதி பழங்குடிப் பெண்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பீடி இலையைச் சிறு வனப்பொருளாக அறிவித்து அதன் உடைமையைக் காட்டில் வாழ்வோருக்குக் கொடுத்தது. அதன் பிறகு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் பல கிராம சபைகள் தாங்களே இலையை ஏலம் விட்டு விற்கின்றன. ஆக, அதே இலையின் ஒரு முனையில் பறிப்பவர் உடைமையாளர். மறுமுனையில் முக்கூடலில் அதைச் சுற்றுபவருக்கு இலை எடையில் குறைந்தால் தட்டிக் கேட்கவும் இடமில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியிலேயே இயங்குகிறது என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அவ்வளவு அருகில் இருப்போரின் பார்வை மலைப்பக்கம் திரும்புவது இயல்பே. வீட்டுக்குள் படியும் புகையிலைத் தூளும் ஒரு சூழல்தான், அதன் காற்றும் அளக்கத்தக்கதுதான்.

இனிக் கொள்கையின் இன்றைய நிலை. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, ஆயிரம் பீடிக்கு 5 ரூபாயாக இருந்த நலத் தீர்வை ஒழிந்தது. மருத்துவமனையும் உதவித்தொகையும் தொடர்கின்றன. ஆனால் அவை இப்போது தொழிலின் சொந்த நிதியிலிருந்து வருபவை அல்ல, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படுபவை. பீடிக்கு 28 விழுக்காடாக இருந்த வரியை 18 ஆகவும், இலைக்கு 18 ஆக இருந்ததை 5 ஆகவும் குறைப்பதென்று 2025 செப்டம்பரில் வரி மன்றம் முடிவெடுத்தது. ஏழைத் தொழிலாளிக்காக என்று ஒவ்வொரு முறையும் சொல்லப்படுகிறது. குறைந்த வரியில் ஒரு பைசாவாவது ஆயிரத்துக்கான கூலியில் சேர வேண்டும் என்ற நிபந்தனையை எந்த முறையும் யாரும் விதித்ததில்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, 1966-இன் சட்டம் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது.

மறுபுறம் புகைப்பவர் குறைந்து வருகின்றனர். உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பீடி புகைப்போர் 2009-10-இல் 9.2 விழுக்காடு, 2016-17-இல் 7.7 விழுக்காடு. பொதுச் சுகாதாரத்தில் இது நல்ல செய்தி. பீடியில் உள்ள தூள் சிகரெட்டில் உள்ளதைவிட மிகக் குறைவென்றாலும் அது உடலுக்குள் செலுத்தும் நிக்கோட்டினும் தாரும் குறைந்தவையல்ல. ஆனால் தேவை குறையும்போது முதலில் நிற்பது இயந்திரம் அல்ல, வாரத்தில் இத்தனை நாள்தான் இலை என்று கடை சொல்லும் வேலைநாள். இந்தியா 2004-இல் ஏற்ற, உலகச் சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு மாற்று வாழ்வாதாரத்தைப் பேசுகிறது. 18-ஆம் பிரிவு சூழலையும் உழைப்பவர் உடல்நலத்தையும் பேசுகிறது. இருபது ஆண்டு கடந்தும் நெல்லையில் மாற்று என்றால் தையல் பயிற்சிதான் நினைவுக்கு வருகிறது. பயிற்சி முடித்த அனைவருக்கும் தைக்கத் துணி தருகிறவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

கண்ணூரைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். 1968-இல் கேரளம் பீடிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியதும் தனியார் முதலாளிகள் அங்கே வேலையை நிறுத்தினர். 1969-இல் அரசின் துணையோடு கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவு தொடங்கியது. பிற்பாடு பீடியின் சந்தை சரிந்தபோது அதே கூட்டுறவு உணவுப் பொருள், குடை, ஆடை, மென்பொருள் என்று திரும்பியது. அந்த அனுபவத்தை இங்கே அப்படியே நட முடியாது என்பது என் கருத்து. அங்கே தொழிலாளர் பொதுக்கொட்டகையில் ஒன்றாக அமர்ந்து சுற்றியவர்கள். ஒருவர் செய்தித்தாள் வாசிக்க மற்றவர்கள் கேட்டவர்கள். சங்கம் அந்தக் கொட்டகையிலேயே உருவானது. நெல்லையில் சுற்றுபவர் தன் வீட்டு நடையில் தனித்திருக்கிறார், கூடுமிடம் கடையின் மேசைக்கு முன்னுள்ள வரிசை மட்டுமே. கூட்டுறவுக்கு முன் ஒரு கூரை தேவை. சுற்றும் வேலையை வீட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்லும் பொதுக்கூடம் தெருவுக்கு ஒன்று இருந்தாலே, குழந்தையின் மூச்சிலிருந்து தூள் விலகும், பெயரில்லாமல் சுற்றும் மருமகளும் கண்ணில் படுவார். வீட்டு வேலையையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டே சுற்றலாம் என்பதுதான் இத்தொழிலின் ஈர்ப்பு என்பதால், பாலூட்டும் இடமும் பிள்ளை பார்க்க ஆளும் இல்லாத கூடத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

அடுத்து வரவேண்டிய ஆய்வு எப்படி அமைய வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். பெயர்ப்பட்டியலைப் பீடிக்கடையிலிருந்து எடுக்காமல் குடும்ப அட்டையிலிருந்து எடுக்க வேண்டும். சுற்றும் வீடு, ஒரு காலத்தில் சுற்றி நிறுத்திய வீடு, சுற்றாத வீடு என மூவகையும் ஒரே தெருவில் கிடைக்கும். ஒப்பிட அதைவிட நல்ல வாய்ப்பில்லை. ஒரு முறை போய் வராமல், இலை வரத்து மிகுந்த மாதத்திலும் குறைந்த மாதத்திலுமாகத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கோட்டினினை வீட்டிலுள்ள எல்லோரிடமும், பிள்ளைகள் உட்பட, அளக்க வேண்டும்.

இதில் ஓர் அறச்சிக்கல் இருக்கிறது. மகள் மடக்கிக் கொடுக்கிறாளா என்று கேள்வித்தாளில் கேட்டால், சட்டத்துக்கு அஞ்சித் தாய் இல்லை என்பாள். உண்மையைச் சொன்னால் அந்தத் தாளே அவளுக்கு எதிரான சான்றாகக்கூடும். பிள்ளைகளின் உழைப்பு குறித்த எண்கள் ஆய்வுக்கு ஆய்வு இவ்வளவு மாறுபடுவதற்கு இந்த அச்சம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே அந்தக் கேள்வியையே விட்டுவிடலாம். சுளகின் அருகில் உட்கார்ந்து மடக்கிய பிள்ளையையும் அதே அறையில் தூங்கிய பிள்ளையையும் பிரித்துக் கேட்காமல், வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் மாதிரியையும் பெயரின்றி எண் மட்டும் இட்டு எடுத்து, முடிவைப் பெற்றோரிடம் நேரில் சொல்லி, தேவைப்படுவோரை மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாட்டை ஆய்வு தொடங்கும் முன்பே செய்துவைக்க வேண்டும். அந்தப் பிள்ளையிடம் அடையாள அட்டை கேட்கக் கூடாது என்பதை மருத்துவமனையிடம் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.